தொடங்கிய நேரம், நின்ற நேரம்

ஜனவரி 3, ஞாயிறு

காலை 6.42. ஆண் பிள்ளை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். சபூரா நலம். அல்ஹம்துலில்லாஹ்.

இந்த டயரியைப் புத்தாண்டுக்கு எங்கள் பஸ் முதலாளி கொடுத்தார். இரண்டு நாள் சும்மா கிடந்தது. இன்று எழுத விஷயம் வந்துவிட்டது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த விஷயம்.

ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் பதினோரு வருஷமாக நான் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. நேரம் குறிக்காமல் எனக்குச் சோறு இறங்காது என்று சபூரா கிண்டல் செய்வாள். பிரசவ அறைக்கு வெளியே நின்றும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் கேட்டதும் 6.42 என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

வாப்பா பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார். சொல்லி முடித்த கையோடு அடுத்த பேச்சு.

"லேய் உதுமானு, பெப்ரவரி பதினாலுல ஒங்க காக்கா மவனுக்குச் சுன்னத்து வச்சிருக்கோம்லா. இவனுக்கும் சேத்துப் பண்ணிருவோம். ஒரே பந்தல், ஒரே பந்தி."

அண்ணன் மகனோடு சேர்த்தே முடிந்துவிடும், எனக்கும் அது சரியாகவே பட்டது. மாமி மட்டும் எழுந்து வெளியே போனார்கள். பேரனைப் பெற்றெடுத்தது அவர்கள் மகள். அந்த மகளிடம் கேட்காமல் வாப்பா முடிவு செய்துவிட்டார் என்று கோபமாக இருக்கும்.

ஜனவரி 4, திங்கள்

பிள்ளைக்குத் தொடையில் ஊசி. காலை பத்து மணி. மாலையில் அந்த இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகும், ஈரத்துணி வையுங்கள் என்று நர்ஸம்மா சொன்னார். வைத்தோம்.

ஜனவரி 6, புதன்

மேலப்பாளையத்துக்கு, மாமி வீட்டுக்கு, வந்தாயிற்று. நாற்பது நாளும் இங்கேதான். வீட்டில் மாமி, சபூராவின் தங்கை ரைஹானா, இப்போது இவர்கள் இருவர். மாமா போய் ஐந்து வருஷம் ஆகிறது. நான் டூட்டி முடிந்து தினமும் வந்து போகிறேன்.

வீக்கம் இன்னும் வற்றவில்லை. நிறம் மட்டும் மாறி, கருநீலமாக இருக்கிறது. பிள்ளை காலை அசைத்தால் அழுகிறது.

ஜனவரி 9, சனி

ஏழாம் நாள். முடி இறக்கி, பெயர் வைத்தோம்.

பெயரில் ஒரு சின்னச் சிக்கல். சபூராவுக்கு ஜவ்ஹர் என்று வைக்க ஆசை. அது அவளுடைய அண்ணன் பெயர். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவனுக்கு ஆறு வயது. காய்ச்சலில் போய்விட்டான். அப்போது மாமாவுக்கு விஜயவாடாவில் நூல் கடை, குடும்பமும் அங்கேதான் இருந்தது. நல்ல பெயர்தானே என்று நானும் சொன்னேன்.

"அந்தப் பேரு வேண்டாம்" என்றார்கள் மாமி. அவ்வளவுதான். காரணம் கேட்டேன், பிள்ளைத் துணியை மடிக்கப் போய்விட்டார்கள். கடைசியில் ஷாகிர் என்று வைத்தோம்.

முடி எடுக்க காதர் பாய் வந்தார். மேலப்பாளையத்தில் பாதித் தலைகள் அவர் கைபட்டவை. காதுக்கு மேலே கத்தி லேசாகப் பட்டுவிட்டது. கொசுக்கடி அளவு கூட இருக்காது.

10.20 தொடங்கியது. 10.45 நின்றது. 11.30 மறுபடியும். 2.05 நின்றது.

காதர் பாய்க்கு முகமே செத்துப்போனது. "முப்பது வருசமா எடுக்கேன் தம்பி. இப்படி ஆனதேயில்ல" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார். பரவாயில்லை பாய் என்று அனுப்பி வைத்தேன். மாமிதான் பிள்ளையை யார் கையிலும் கொடுக்கவில்லை. காயத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே ஓதிக்கொண்டிருந்தார்கள். பந்தியில் இருந்தவர்களுக்கு எழுந்து சோறு கூட வைக்கவில்லை. இது கொஞ்சம் அதிகம்தான்.

ஜனவரி 12, செவ்வாய்

சுன்னத்துப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. காக்கா மகன் ஹாமீம் பெயர் மேலே, ஷாகிர் பெயர் கீழே. 'எங்கள் பேரர்களின் சுன்னத்து வைபவம்' என்று வாப்பா பெயரில். வாப்பா அதை நாலு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினார்.

மாமியிடம் கொண்டு கொடுத்தேன். வாங்கிப் பார்க்காமல் ஜன்னலில் செருகினார்கள்.

"மாப்பிள, ஏழு வயசுல பாத்துக்கிடலாமே. பச்சப் பிள்ளைலா."

"பச்சப் பிள்ளையில செஞ்சாத்தான் மாமி வலி தெரியாது."

இதை நான் பொழுதுபோகாமல் சொல்லவில்லை. எனக்கு ஒன்பது வயதில்தான் செய்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் பேட்டை டிப்போவில் நின்ற பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். காக்காவும் இன்னும் மூன்று பேரும் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்து சிரித்தது. கல்யாண வீடுகளில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இருக்கிறது. என் மகனுக்கு அந்தக் கதி வேண்டாம். நினைவு தெரியும் முன்னே முடிந்துவிட வேண்டும்.

ஜனவரி 14, வியாழன்

பொங்கல் கூட்டம். வண்டி எல்லாம் லேட். காக்கா பெண்டாட்டி போனில் சொன்னது: "ஒங்க மாமி இதுவரைக்கும் எந்தச் சுன்னத்து வீட்டுக்காவது வந்திருக்காவளா? கல்யாணத்துக்கு வருவாவ, மௌத்துக்கு வருவாவ. சுன்னத்துன்னா மட்டும் தலைவலி. அவ்வளவு பெருமை."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். இந்த ஏழு வருஷத்தில் ஒன்றுக்கும் வரவில்லை. பேரன் சுன்னத்துக்காவது வராமலா போய்விடுவார்கள்?

ஜனவரி 19, செவ்வாய்

8.15 தென்காசி வண்டி பத்து நிமிஷம் லேட். வேறு ஒன்றுமில்லை.

ஜனவரி 24, ஞாயிறு

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது சபூரா கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு கக்கத்துக்கும் கீழே நீலம் நீலமாக விரல் தடம். நேற்று நான் தூக்கி வைத்திருந்த இடம்.

"யாரு பிள்ளையைக் கிள்ளுனது?" என்று சபூரா ரைஹானாவைப் பிடித்துக்கொண்டாள். ரைஹானா இல்லை என்று அழுதாள். நான் என் கையை அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. நான் கிள்ளவில்லை. அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை. பிறந்த பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

மாமி பார்த்தார்கள். உடனே அடுப்படிக்குப் போனார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனேன். சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன்.

ஜனவரி 27, புதன்

பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளைகள் டாக்டரம்மா தடத்தைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். காதுக்கு மேலே இருந்த தழும்பைப் பார்த்தார்.

"இது எப்ப ஆச்சு?"

சொன்னேன்.

"ரத்தம் எவ்வளவு நேரம் வந்துச்சு?"

டிபன் பையில் இந்த டயரி இருந்தது. எடுத்து ஒன்பதாம் தேதியை வாசித்தேன். பிறகு நாலாம் தேதி. பிறகு ஆறாம் தேதி. வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. எல்லாம் என் கையெழுத்து. நிமிஷம் தவறாமல் எழுதியிருக்கிறேன். எழுதியதோடு சரி, ஒரு தடவையாவது என்னவென்று யோசிக்கவில்லை.

டாக்டரம்மா டயரியை வாங்கி அவரும் ஒரு தடவை பார்த்தார். சபூராவிடம் கேட்டார்.

"உங்க அம்மா வழியில ஆம்பளைப் பிள்ளைங்க யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் டாக்டர். காய்ச்சல்ல மௌத்தாயிட்டான்."

"என்ன காய்ச்சல்?"

சபூராவுக்குத் தெரியவில்லை. மாமி வெளியே பெஞ்சில் இருந்தார்கள். கூப்பிடட்டுமா என்றேன். அதற்குள் நர்ஸ் ரத்தம் எடுக்க வந்துவிட்டார். எடுத்த இடத்தை அரை மணி நேரம் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

ஜனவரி 30, சனி

முடிவு வந்தது. ஹீமோபிலியா. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் பிள்ளையின் உடம்பில் கிட்டத்தட்ட இல்லவே இல்லையாம். பிறவியிலேயே வருவது. தாய் வழியாக வரும், தாய்க்கு ஒன்றும் செய்யாது, ஆண் பிள்ளையில் காட்டும். எல்லா ஆண் பிள்ளைக்கும் வரும் என்றும் இல்லை. கவனமாகப் பார்த்துக்கொண்டால், மருந்து போட்டுக்கொண்டே வந்தால், பெரியவனாகிப் படித்து வேலைக்குப் போய் நன்றாக இருப்பானாம்.

பதினாலாம் தேதியைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், இவனுக்கு யாரும் கத்தி வைக்கக் கூடாது. வீட்டுல வச்சு செஞ்சா பிள்ளை உங்களுக்கு இல்ல."

மாமியையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும் சபூரா மாமியைப் பார்த்துக் கேட்டாள். "உம்மா, அண்ணனுக்கு என்ன காய்ச்சல்?"

மாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ரைஹானா அப்போது வீட்டில் இல்லை.

காய்ச்சல் இல்லை. சுன்னத்து. விஜயவாடாவில், கடைக்கு மேலே இருந்த வீட்டில், மாலை போட்டு, பந்தி வைத்து, எல்லாம் முறையாகத்தான் செய்தார்கள். அதன் பிறகு ரத்தம் நிற்கவில்லை. துணி மாற்றினார்கள், மருந்து வைத்தார்கள், ஓதி ஊதினார்கள். கண்ணேறு என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போது விடிந்துவிட்டது.

"வாசலை வாளி வாளியாத் தண்ணி ஊத்திக் கழுவுனது எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்றாள் சபூரா. "விருந்து முடிஞ்சு கழுவுறாவன்னு நெனச்சேன். அப்படித்தானே நீங்க சொன்னீய?"

மாமி தலையை ஆட்டினார்கள்.

மாமிக்குத் தம்பி ஒருவரும் சின்ன வயதில் அப்படித்தான் போனாராம். வெளியே தெரிந்தால் இரண்டு பெண்களையும் யார் கட்டுவார்கள் என்று ஊருக்கு வந்து காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடமும் அப்படித்தான்.

எனக்குக் கோபம் வந்தது. பெண் கொடுக்கும்போதே மறைத்திருக்கிறார்கள். சொல்லியிருந்தால் கட்டியிருப்பேனா, மாட்டேனா? இதை எழுதும்போது சபூரா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். கட்டியிருப்பேன். கட்டாயம் கட்டியிருப்பேன். ஆனாலும் கோபம்.

ஜனவரி 31, ஞாயிறு

மாமி என் முன்னால் வந்து நின்றார்கள். எப்போதும் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவர்கள்.

"மாப்பிள, ஒரே ஒரு தயவு. ரைஹானாவப் பாத்துட்டுப் போன பேட்டைக்காரங்க இன்னும் பதில் சொல்லல. பையனோட பெரியவாப்பா ஒங்க வாப்பாவுக்குக் கூட்டாளி. வாப்பா காதுல விழுந்தா அங்கே போயிரும். நிக்காஹ் முடியிற வரைக்கும் வெளிய விடாதீய."

சபூரா ஒத்துக்கொள்ளவில்லை. ரைஹானாவுக்கும் இருக்கலாம், அவளுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், அவளிடம் மறைப்பது பாவம் என்றாள். அவளிடம் நிக்காஹ் முடிந்து சொல்லலாம் என்றார்கள் மாமி.

சரி மாமி என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ரைஹானாவுக்காகத்தான்.

பிப்ரவரி 2, செவ்வாய்

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஆலிம்சாவைப் பார்த்தேன். என் கூட்டாளி ஒருவனுக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். அவன் பிள்ளைக்கு ரத்தக் கோளாறு, சுன்னத்து செய்தால் உயிருக்கு ஆபத்து என்கிறார்கள், என்ன செய்வது?

"உயிருக்குப் பயம்னா அந்தப் பிள்ளை மேல கடமை இல்ல. அல்லாஹ் யாரையும் தாங்க முடியாத பாரத்துல போடுறதில்ல" என்றார். பிறகு, "ஒங்க கூட்டாளிக்கிட்டச் சொல்லுங்க, பிள்ளைக்கு நானும் துஆ செய்யிறேன். பிள்ளை பேரு ஷாகிர்தானே?" என்றார்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 4, வியாழன்

வாப்பாவிடம் பேசினேன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன்.

"பொறந்த பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வாரதும் போறதும் சகஜம்லே. இன்னும் பத்து நாள் கெடக்கு."

"டாக்டர் வேண்டாம்னுட்டாங்க வாப்பா."

"எந்த டாக்டரு? பேரச் சொல்லு. நான் கேக்கேன்."

பேரைச் சொல்லவில்லை. வாப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நாற்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். "ஒன்பது வயசுல பஸ்ஸுக்கு அடியில ஒளிஞ்ச பயந்தாங்கொள்ளிதானே நீ" என்றார்.

சீட்டுக்கு அடியில், பஸ்ஸுக்கு அடியில் இல்லை. திருத்தவில்லை.

பிப்ரவரி 7, ஞாயிறு

பேட்டையில் பேச்சு வேறு மாதிரி போகிறது. உதுமானுக்கு மார்க்கம் விட்டுப்போச்சு, பெண்டாட்டி படிச்சவ, அவ பேச்சைக் கேட்டு ஆடுறான். காக்கா நேரில் வந்தே கேட்டுவிட்டார். "வாப்பா பள்ளிக்குப் போறதயே நிறுத்திட்டாவ. என்ன பதில் சொல்றதுன்னு கூசுது அவியளுக்கு. பத்திரிகையில பேரு போட்டாச்சுல்லா. ஏன்லே, உண்மையச் சொல்லு."

சொல்லவில்லை. ரைஹானாவுக்காக.

பிப்ரவரி 10, புதன்

சபூராவோடு சண்டை. மருந்து இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் சேர்த்து, முன்னாலும் பின்னாலும் மருந்து ஏற்றிச் செய்யலாம் என்று எங்கோ கேள்விப்பட்டேன், அப்படிச் செய்துவிட்டால் வாப்பா வாயும் அடையும், ரகசியமும் காப்பாற்றப்படும் என்று சொல்லிவிட்டேன்.

"யாரு வாயை அடைக்கிறதுக்கு மச்சான் என் பிள்ளையக் கேக்கீய?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 12, வெள்ளி

இருவரும் போய் டாக்டரம்மாவிடமே கேட்டோம். செய்ய முடியும், பெரிய இடத்தில், பல நாள் தங்கி. அப்படியும் ஆபத்து இல்லை என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. மருந்துக்கே உடம்பு எதிராகத் திரும்புகிற பிள்ளைகளும் உண்டு. செய்யாவிட்டால் அவன் உடம்புக்கு ஒரு குறையும் வராது. இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று முடிவு செய்தோம். செய்வதில்லை. அவன் வளர்ந்து, அவனாகக் கேட்டு, அவனாக முடிவு செய்தால் அது அவன் பாடு.

"பள்ளிக்கூடத்துல பயலுவ கேலி பண்ணுனா?" என்று கேட்டேன்.

"ஒங்களையும் கேலி பண்ணத்தான் செஞ்சாவ. உசுரோடதானே இருக்கீய" என்றாள்.

பதினாலாம் தேதி விருந்துக்கு நான் போகப்போவதில்லை. டூட்டி கேட்டு வாங்கிவிட்டேன்.

பிப்ரவரி 14, ஞாயிறு

இரவு பத்து மணி. முறையாக எழுதுகிறேன்.

11.05க்கு மேலப்பாளையம் வண்டி வந்தது. கண்டக்டர் சுடலைமுத்து டீ குடித்துவிட்டு நேரம் போட என் டைம் கீப்பர் கூண்டுக்கு வந்தான்.

"என்ன அண்ணாச்சி, மவன் சுன்னத்து அன்னைக்கும் டூட்டியா?"

"அவனுக்கு இன்னைக்கு இல்லப்பா."

"இல்லியா? ஒங்க வாப்பா பிள்ளையத் தூக்கிட்டு நம்ம வண்டியிலதானே வந்தாவ. இப்பதான் எறங்கி பேட்டை வண்டியில ஏறுனாவ. சுன்னத்து வீட்டுக்குன்னுதானே சொன்னாவ."

என் கூண்டைத் தாண்டித்தான் பேட்டை வண்டிக்குப் போக வேண்டும். வாப்பா பின்பக்கமாகச் சுற்றிப் போயிருக்கிறார். பதினோரு வருஷமாக எந்த வண்டியும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. என் பிள்ளை போனது தப்பிவிட்டது.

பேட்டை வண்டி 11.08க்கே கிளம்பிப் போயிருந்தது. 11.27க்குப் போய்ச் சேரும். சேர்ந்ததும் வீடு மூன்று நிமிஷ நடை. டாக்டர் பதினொன்றரைக்கு வருவதாகப் பத்திரிகையிலேயே போட்டிருந்தது. வாப்பாவின் போன் அணைந்து கிடந்தது. காக்கா எடுக்கவில்லை, பந்தலில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். சுடலைமுத்துவின் சாவியைப் பிடுங்கி ஸ்டாண்டில் நின்ற அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். புறப்படும் வண்டிகளுக்கு யார் நேரம் போட்டார்கள் என்று இதுவரை தெரியாது.

வழியெல்லாம் நான் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு போனேன். கொசுக்கடி அளவு காயத்துக்கு மூன்றே முக்கால் மணி நேரம்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. அதில் ஆறு நிமிஷம்.

11.41. பந்தலில் பாட்டு நின்றுபோயிருந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. மாமியின் குரல். அவ்வளவு சத்தமாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

மாமி கூடத்து வாசலை இரண்டு கையாலும் மறித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே போனால் துப்பட்டி இல்லாமல் போகாதவர்கள், முந்தானையை மட்டும் தலையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். காலில் செருப்பு இல்லை. சபூரா குளிக்கப் போன நேரம் வாப்பா வந்து, ஆலிம்சாவிடம் ஓதிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ரைஹானாவிடம் பிள்ளையை வாங்கிப் போயிருக்கிறார். அவள் சொன்ன அந்த நிமிஷமே மாமி தெருவில் போன ஆட்டோவை மறித்து ஏறியிருக்கிறார்கள்.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரைஹானாவைப் பார்த்துவிட்டுப் போன பையனின் பெரியவாப்பாவும் கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் வயித்துல பொறந்த ஜவ்ஹர் சுன்னத்துல ரத்தம் நிக்காமத்தான் செத்தான். காய்ச்சல்ல இல்ல. என் தம்பியும் அப்படித்தான் செத்தான். இந்தப் பிள்ளைக்கும் அதே ரத்தம். என் ரத்தம். ஒங்க மவன் மார்க்கத்தை விடல, நான்தான் வாயக் கட்டுனேன். கத்தி வைக்கணும்னா என் மேல வச்சிட்டு அப்புறம் என் பேரன் மேல வைங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்னும் தொடவில்லை என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஹாமீம் மாலையும் தொப்பியுமாக ஒரு நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் இன்னொரு சின்ன மாலை.

வாப்பா மடியில் ஷாகிர் தூங்கிக்கொண்டிருந்தான். நான் குனிந்து துணியை விலக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"நான் நல்லது செய்றதாத்தான்லே நெனச்சேன்" என்றார் வாப்பா. "ஒனக்கு மனசு பத்தல, நான் முடிச்சு வச்சா நீ பொறவு சந்தோசப்படுவேன்னு…" முடிக்கவில்லை. எழுபத்து நாலு வயது மனிதர் அத்தனை பேர் முன்னால் அழுதார். பிள்ளையை என்னிடம் கொடுக்கக் கூடப் பயந்தார். தன் கை எங்கே பட்டது, எங்கே அழுத்தியது என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொரு விரலாக எடுத்தார்.

பிப்ரவரி 15, திங்கள்

ஷாகிருக்கு முதுகில் ஒரு தடம், அவ்வளவுதான். பஸ்ஸில் வாப்பா இறுக்கிப் பிடித்திருப்பார். டாக்டரம்மா பார்த்துவிட்டார், பயமில்லை.

சுடலைமுத்து என் கூண்டில் உட்கார்ந்து எல்லா வண்டிக்கும் நேரம் போட்டு வைத்திருக்கிறான். கையெழுத்துதான் கோழி கிளறியது போல.

பிப்ரவரி 16, செவ்வாய்

பேட்டை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, 'பிறகு பார்ப்போம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமி அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள்.

ரைஹானா என்ன செய்வாளோ என்று பயந்தோம். அவள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல். முடிவு வர நாளாகும். "எனக்குத் தெரியாம என்னையக் கட்டிக் குடுக்கப் பாத்தீயளேம்மா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்கும் அதில் பங்கு உண்டு.

மாலையில் வாப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். என் கூண்டுக்கு வெளியே ஸ்டூலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட ஏன்லே சொல்லல?"

ரைஹானாவுக்காக என்று வாய் வரை வந்தது. இந்த டயரியில் எத்தனை தடவை அதை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க வேண்டாம். "என் பிள்ளைக்குக் குறைன்னு ஒங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு வாப்பா" என்றேன். அதுதான் உண்மை. இன்னொரு தடவை பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் சொல்வீர்கள் என்று பயந்தேன் என்பதும் உண்மை. அதைச் சொல்லவில்லை. பிள்ளை அந்த வெட்கத்தில் போயிருப்பான்.

வாப்பா என் டிபன் பையைப் பிரித்து, மீதி இருந்த இட்லியைச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 19, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மாமி வீட்டுக்குப் போனேன். சபூரா பிள்ளையை மெத்தையில் போட்டுப் பக்கத்தில் படுத்திருந்தாள். கட்டில் சட்டத்துக்கெல்லாம் பழைய துணியைச் சுற்றித் தைத்து வைத்திருக்கிறாள். இனி இப்படித்தான் வாழ வேண்டும்.

டாக்டரம்மா சொன்னபடி, இந்த டயரியை இனி பிள்ளைக்காகவே வைத்திருக்கிறேன். எங்கே அடி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது. பஸ் ஸ்டாண்ட் நோட்டு மாதிரியே கோடு போட்டிருக்கிறேன். மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அரபு எழுத்துதான் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது.

"மாப்பிள, இதுல அவனையும் எழுதுவீயளா?"

"யாரை மாமி?"

"ஜவ்ஹரை. அவன் பேரு எங்கயும் எழுதுனது இல்ல. பள்ளிக்கூடத்துல கூடச் சேக்கல. அதுக்குள்ள போயிட்டான்."

முதல் பக்கத்துக்குப் போனேன். ஜனவரி ஒன்றாம் தேதி காலியாக இருந்தது. மாமி சொன்னார்கள், நான் எழுதினேன். ஜவ்ஹர். வயது ஆறு. ரபியுல் ஆகிர் பிறை பதினொன்று. லுஹர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது. இடது காதில் ஒரு மச்சம் உண்டு என்பதையும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

கடைசிக் கட்டம் பாக்கி இருந்தது. விடிந்ததும் என்று சொல்லியிருந்தார்களே, அதை வைத்து, நின்ற நேரம் சுபுஹு என்று போடட்டுமா என்று கேட்டேன்.

"இல்ல மாப்பிள" என்றார்கள் மாமி. "சுபுஹுக்குப் பிள்ளைதான் போனான். ரத்தம் குளிப்பாட்டிச் சுத்துன கபன் துணியிலயும் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன்லா. உள்ளத எழுதுங்க."

எழுதினேன். நின்ற நேரம்: நிற்கவில்லை.